பிளான் கைக்கு வந்த பிறகு ஆர்க்கிடெக்ட் எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டுக்கான வரைபடங்கள் தயாராகிவிட்டன. அடுத்து கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்துத் தரவும், கட்டி முடியும்வரை வேலையைப் பார்த்துக்கொள்ளவும் ஆர்க்கிடெக்ட் தனிக் கட்டணம் கேட்கிறார். அதைக் கொடுக்கத்தான் வேண்டுமா? கொடுத்தால் தினமும் வந்து நிற்பாரா? 'எனக்குத் தெரிந்த நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார்' என்று அவர் சொல்வதை நம்பலாமா? இதற்கிடையில் ஒரு கான்ட்ராக்டர், 'அவர் வந்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றும் சொல்லியிருக்கிறார். கேள்விகள் பல போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கட்டட வேலை தெரியாத நான், தெரிந்த ஒருவரிடம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கப் போகிறேன். என் பக்கம் நின்று பார்ப்பது யார்?

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பெரும்பாலும் வீடுகள், நடுவில் சில சிறிய பள்ளிக் கட்டடங்கள். வானளாவிய கோபுரம் எதையும் கட்டியதில்லை, ஆகவே நான் சொல்வதை வீடு அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீங்கள் கேட்கும் அந்தக் கட்டணத்தை வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டே படியுங்கள்.

தினமும் வருவாரா என்பதை முதலில் முடித்துவிடுவோம். வர மாட்டார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் வெளியிடும் ஏ201 என்ற, கட்டட ஒப்பந்தங்களுக்கான பொது நிபந்தனைப் பத்திரம் இதை ஒளிக்காமல் சொல்கிறது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற இடைவெளியில் ஆர்க்கிடெக்ட் வருவார், வேலையின் போக்கையும் தரத்தையும் பொதுவாகத் தெரிந்துகொள்வார், ஆனால் இடைவிடாமலோ ஒன்றுவிடாமலோ சோதிக்கும் கடமை அவருக்கு இல்லை. சாரம் எப்படிக் கட்டுவது, எந்த வேலையை முதலில் எடுப்பது, ஆட்களின் பாதுகாப்பு எல்லாம் கான்ட்ராக்டர் தலையில். சட்டம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், சில இடங்களில் ஆர்க்கிடெக்டின் பொறுப்பு இன்னும் கனமாக இருக்கும். ஆனால் 'மேற்பார்வை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, காலை முதல் மாலை வரை அவர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார் என்று நினைப்பவர்கள் எங்கேயும் ஏமாந்துதான் போகிறார்கள். தினமும் ஒரு கண் வேண்டுமென்றால் சைட் இன்ஜினியர் ஒருவரை நீங்கள் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். கான்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்கும் இன்ஜினியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் கணக்கில் வர மாட்டார்.

சரி, எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பதற்கா கட்டணம்? அதற்கு மட்டும் என்றால் நானே வேண்டாம் என்பேன். உங்கள் பணத்தை அவர் காப்பாற்றுவதில் பாதிக்கு மேல், கான்ட்ராக்டர் மண்வெட்டியைத் தொடும் முன்பே தாளில் நடந்து முடிந்துவிடும்.

ஒருமுறை ஒரு தம்பதி என்னிடம் மூன்று கொட்டேஷன்களோடு வந்தார்கள். ஒன்று ஒரே பக்கம்: சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, கையெழுத்து. இன்னொன்று நான்கு பக்கம். மூன்றாவது பதினொரு பக்கம். ஒரு பக்கக்காரர் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கிட்டத்தட்ட அவருக்கே கொடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். ஒரு மதியம் உட்கார்ந்து, அந்த ஒரு பக்கத்தில் எதெல்லாம் இல்லை என்று எழுதினோம். குளியலறைத் தரைக்கு அடியில் நீர்க்கசிவுத் தடுப்பு இல்லை. மேல்நிலைத் தொட்டி இல்லை. அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் நடுவே மண் நிரப்பும் வேலை இல்லை. ஜன்னல் கம்பி இல்லை. மின்சார மெயின் போர்டு இல்லை. இதையெல்லாம் சேர்த்தபோது அவர் இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டார். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

ஆர்க்கிடெக்ட் இதைச் சரிசெய்யும் வழி ரொம்ப எளிது, ஆனால் உழைப்பு அதிகம். பி.ஓ.க்யூ. என்று நாங்கள் சொல்லும் அளவுப் பட்டியலைத் தயாரிப்பார். சுவர் இத்தனை கன மீட்டர், பூச்சு இத்தனை சதுர மீட்டர், கம்பி இத்தனை கிலோ, இந்த அளவு ஜன்னல் இத்தனை என்று வரிவரியாக இருக்கும், விலைக் கட்டம் மட்டும் காலி. கூடவே எந்தத் தரத்துச் சாமான் என்ற விவரக் குறிப்பு. அதே வரைபடம், அதே பட்டியல், அதே கடைசித் தேதி, எல்லாக் கான்ட்ராக்டர்களுக்கும் ஒன்றுபோல். ஒருவர் சந்தேகம் கேட்டால் பதில் எல்லோருக்கும் போகும். இப்படி வந்த விலைகளைத்தான் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடியும்.

பார்க்கும்போது மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. மொத்தம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம்வரை நியாயமாக 15 ஆகும். ஒருவர் அங்கே 22 எழுதிவிட்டு, பெயின்ட், தரை, மரவேலை ஆகியவற்றில் 7 குறைத்துக்கொள்கிறார். கூட்டினால் அதே 100. ஆனால் அஸ்திவாரம் முடிந்ததுமே செய்த வேலைக்கு மேல் 7 அவர் கையில் இருக்கும். கடைசியில் மிச்சமிருப்பது காசு வராத வேலை. அங்கேதான் ஆள் வருவது குறையும், போன் எடுப்பது குறையும். அவர் பாதியில் விட்டுப்போனால், அந்தக் குறைந்த விலைக்கு வேறு யாரும் வர மாட்டார்கள். வரிவரியாக விலை கையில் இருந்தால் பழகிய கண்ணுக்கு இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சதுர அடிக் கணக்கில் கடைசிவரை தெரியாது.

மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, ஒருவர் மட்டும் கால் பங்கு குறைவாகச் சொன்னால், அவர் எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறார், அல்லது உங்கள் முன்பணத்தை வைத்து வேறொரு வேலையை முடிக்கப் பார்க்கிறார். இது என் அனுமானம்தான், விதிவிலக்கும் உண்டு. கான்கிரீட்டுக்கு அடைக்கும் பலகையும் இயந்திரமும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே குறைவாகக் கட்டுப்படியாகலாம். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். விலையில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். 'கையெழுத்துப் போட்டாயே' என்று பிற்பாடு பிடித்தால், அந்த நஷ்டத்தை அவர் உங்கள் சிமென்டிலும் கம்பியிலும்தான் ஈடுகட்டுவார்.

ஆளைப் பார்ப்பது எப்படி என்றால், அவர் முடித்த வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள், பெயின்ட் அடித்தால் எல்லா வீடும் அழகுதான். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சொல்லாமல் போங்கள். சிமென்ட் மூட்டை தரையில் கிடக்கிறதா, பலகைமேல் சுவரை ஒட்டாமல் அடுக்கியிருக்கிறதா? பலகை பிரித்த தூணில் ஜல்லி தெரியும் பொந்துகள் இருக்கின்றனவா, அவற்றை அவசரமாகக் கலவை பூசி மறைத்திருக்கிறார்களா? வரைபடம் அங்கே இருக்கிறதா, இருந்தால் அது புதிய பிரதியா? நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். அப்புறம், அவர் கட்டி மூன்று வருடமான வீட்டுக்காரரோடு பேசுங்கள். 'நல்லா கட்டினாரா' என்று கேட்டால் யாரும் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். 'ஒழுகியபோது கூப்பிட்டீர்களா, வந்தாரா' என்று கேளுங்கள்.

ஆர்க்கிடெக்ட் சொல்லும் ஆளை நம்பலாமா? பல சமயம் அதற்கு நேர்மையான காரணம் இருக்கும். ஒருவருடைய வரைபடத்தை ஒருவர் படித்துப் பழகியவர்கள் சேர்ந்தால் வேலை தடங்கலில்லாமல் போகும். என்னிடமே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் கமிஷனும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. தொழில்முறை அமைப்புகளின் நடத்தை விதிகள் இப்படி மறைத்து வாங்குவதைத் தவறு என்றே சொல்கின்றன. ஆகவே கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: 'இவரிடமிருந்தோ சாமான் கடையிலிருந்தோ உங்களுக்கு ஏதாவது வருமா?' கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். அவர் சொல்லும் ஆளை மூன்று பேரில் ஒருவராகச் சேருங்கள், தனி ஒருவராக வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நீங்களும் கான்ட்ராக்டரும். ஆர்க்கிடெக்ட் அதில் ஒரு தரப்பு இல்லை, ஆனால் அவர் பெயர் உள்ளே இருக்கும்: இன்னாருடைய சான்று வந்தால்தான் பணம், இன்னார் எழுதிக் கொடுத்தால்தான் மாற்றம் என்று. இது ஒரு விசித்திரமான நிலை. சம்பளம் உங்களிடம், ஆனால் பில்லைச் சரிபார்க்கும்போது இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக நடக்க வேண்டும். செய்த வேலைக்குக் குறைத்து எழுதச் சொன்னால் நல்ல ஆர்க்கிடெக்ட் மறுப்பார், மறுக்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில், இப்படி நடுவர்போலச் சான்று தருவதால் அதில் அலட்சியமாக இருந்தாலும் ஆர்க்கிடெக்ட்மேல் வழக்குப் போட முடியாது என்ற நிலை இருந்தது. 1974இல் சட்க்ளிஃப் எதிர் தாக்ரா வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது. குறையுள்ள வேலைக்கும் சேர்த்துச் சான்று கொடுத்திருந்தார்கள், கட்டியவர் நொடித்துப் போய்விட்டார், வீட்டுக்காரரால் பணத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை. சான்று கொடுத்தவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு எல்லா நாட்டுக்கும் செல்லாது. ஆனால் உங்கள் ஆர்க்கிடெக்ட் ஒரு பில்லில் போடும் கையெழுத்தின் கனம் என்ன என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி வேலையிடம். அங்கே எத்தனை நாள் வருகிறார் என்பதைவிட எந்த நாளில் வருகிறார் என்பதுதான் முக்கியம். கட்டடத்தில் சில விஷயங்கள் மூடப்பட்டுவிட்டால் அப்புறம் உடைத்தால் ஒழியப் பார்க்க முடியாது. மூலைமட்டம் பார்த்துக் கயிறு கட்டும் நாள், அஸ்திவாரக் குழியின் அடிமண் தெரியும் நாள், ஒவ்வொரு தளத்துக்கும் கம்பி கட்டி முடித்து கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்திய நாள், குழாயும் வயர்ப் பைப்பும் சுவரில் பதித்துப் பூச்சுக்கு முந்திய நாள், குளியலறையில் டைல் ஒட்டும் முன் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்கும் நாள். இந்த நாட்களில் வராமல், செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து காபி குடித்துவிட்டுப் போவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

ஒரு பால்கனித் தளம் நினைவுக்கு வருகிறது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் இழுவிசை மேல்பக்கத்தில் வரும், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கம்பி கட்டியவர் சரியாகத்தான் கட்டியிருந்தார், முந்திய நாள் மாலை போட்டோவும் அனுப்பியிருந்தார். காலையில் எலக்ட்ரீஷியன் பைப் போட ஏறி நடந்திருக்கிறார், அப்புறம் பலகை தூக்குபவர்கள் நடந்திருக்கிறார்கள். நான் போய் டேப்பை வைத்துப் பார்த்தபோது மேல்கம்பி மிதிபட்டு 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தளத்தின் கனம் 15 சென்டிமீட்டர். அடியிலிருந்து 12.5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய கம்பி 8.5இல் இருந்தது. தாங்கும் திறன் ஏறக்குறைய அந்த உயரத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு கம்பிகூடக் குறையாமலே மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி, 'சார், ஊற்றும்போது தூக்கிவிட்டுக்கிறோம்' என்றார். ஊற்றும்போது யாரும் தூக்க மாட்டார்கள். நிறுத்தி, மேல்கம்பியைத் தாங்கி நிற்கும் 'சேர்' கம்பி வைத்து மேலே ஏற்றிக் கட்ட இரண்டு மணி நேரம் ஆனது. கட்டமைப்புக் கணக்கு என் வேலை இல்லை, அது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலை. ஆனால் வரைபடத்தில் மேலே இருப்பது தளத்திலும் மேலே இருக்கிறதா என்று பார்க்க என்னால் முடியும்.

இதைச் சொல்லிவிட்டு நான் தவறவிட்டதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. ஒரு வீட்டில் குளியலறைத் தரையின் சரிவை டைலுக்கு முன் பார்க்காமல் விட்டேன். குடிபோன மறுநாள் தண்ணீர் வாசலைப் பார்த்து ஓடியது. உடைத்துத்தான் சரிசெய்தோம். ஆர்க்கிடெக்ட் இருந்தால் குறையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைகள் குறையும், பெரியவை முன்னாலேயே பிடிபடும். அதற்குமேல் உத்தரவாதம் யாராலும் தர முடியாது.

நடுவில் வரும் மாற்றங்கள்தான் அடுத்த பெரிய தலைவலி. வரைபடத்தில் இருப்பதை வேலையிடத்தில் 'கொஞ்சம்' மாற்றுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் துறையில் எல்லோரும் படிக்கும் ஒரு சம்பவம் உண்டு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் நடுக்கூடத்தில் தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேலே ஒரு பாலம், நேர்கீழே இன்னொன்று. இரண்டும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது சிரமம் என்று கம்பியை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மேல்பாலத்து இணைப்பில் சுமை இரட்டிப்பானது. முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட பலத்துக்குப் போதாமல்தான் இருந்தது, மாற்றம் அதையும் பாதியாக்கியது. வரைபடத்தில் ஒப்புதல் முத்திரை விழுந்தது, கணக்கை யாரும் திரும்பப் போடவில்லை. அங்கே பொறுப்பு விழுந்தது பொறியாளர்கள்மேல்தான், ஆர்க்கிடெக்ட்மேல் இல்லை. ஆனாலும், கான்ட்ராக்டரிடமிருந்து ஒரு மாற்று வரைபடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த மரைக் கம்பி ஞாபகம் வரும்.

வீட்டில் ஆபத்து இவ்வளவு பெரிதாக இருக்காது, பணம்தான் போகும். பெரும்பாலும் மாற்றத்தைத் தொடங்குவது வீட்டுக்காரர்தான். சாயங்காலம் வந்து பார்க்கும்போது, 'மேஸ்திரி, இந்தக் கதவை அந்தப் பக்கம் தள்ளி வையுங்களேன்' என்பார். அவரும் 'அதுக்கென்ன' என்பார். கதவு நகர்ந்தால் அதன்மேல் சுவரைத் தாங்கும் லின்டல் நகரும், சுவிட்ச் நகரும், சில சமயம் பீமுக்கு அடியில் வரவேண்டிய சுவர் இல்லாமல் போகும். கடைசி பில்லில் அது 'கூடுதல் வேலை' என்று வரும், விலையைப் பேச உங்களுக்கு இடமிருக்காது. மாற்றம் வேண்டுமென்றால் ஆர்க்கிடெக்டிடம் சொல்லுங்கள். அவர் வரைந்து, கான்ட்ராக்டரிடம் விலையும் நாளும் கேட்டு, நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் செங்கல் நகர வேண்டும். அலைச்சல்தான், ஆனால் சண்டை வராது.

பணம் பற்றிச் சுருக்கமாக. மாதக் கணக்கில் கொடுக்காதீர்கள், முடிந்த வேலைக்கு, அவர் அளந்து சான்று தந்த பிறகு கொடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதம் பிடித்து வைப்பது பரவலான வழக்கம். வீட்டை ஒப்படைக்கும்போது பாதியும், 6 மாதமோ 12 மாதமோ குறைதீர்க்கும் காலம் முடிந்ததும் மீதியும் விடுவிக்கலாம். குடிபோவதற்கு முன் அறை அறையாக நடந்து குறைப் பட்டியல் எழுதுவதும், பூச்சுக்கு முன் எல்லாச் சுவர்களையும் போட்டோ எடுத்து வைப்பதும் அவர் வேலையில் அடங்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோவின் அருமை தெரியும்.

கட்டணத்தைவிட மிச்சம் அதிகமாகுமா? என் அனுபவத்தில் டெண்டரில் மட்டுமே பலருக்கு அது ஈடாகியிருக்கிறது. ஆனால் என்னை வைத்துக்கொள்ளாமல் நன்றாகவே கட்டி முடித்தவர்கள் என்னிடம் வந்து சொல்வதில்லையே, அதனால் என் கணக்கு ஒருதலைப்பட்சமானது. மொத்தத்தையும் வாங்க முடியாது என்றால் பகுதியாகக் கேளுங்கள். நானாக இருந்தால் முதலில் அளவுப் பட்டியல், டெண்டர், ஒப்பந்தம் இவற்றுக்குச் செலவழிப்பேன். அடுத்து, மேலே சொன்ன அந்தக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வருகை. மூன்றாவதாக பில் சரிபார்ப்பு. சைட் இன்ஜினியர் வைக்க வசதியிருந்தால் நல்லது, அவர் இருந்தாலும் அந்த முதல் பகுதியை விட்டுவிடாதீர்கள். கட்டணம் எதற்கு, எத்தனை வருகை, எந்தெந்தக் கட்டத்தில், கூடுதல் வருகைக்கு எவ்வளவு, எதெல்லாம் அவர் பொறுப்பு இல்லை என்பதையெல்லாம் அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதித் தரத் தயங்காதவர் நல்ல ஆள்.

கடைசியாக, 'அவர் வந்தால் வேலை இழுக்கும்' என்ற கான்ட்ராக்டர். அவர் சொல்வதில் பாதி உண்மை. சோதனைக்குக் காத்திருந்து ஆட்கள் சும்மா உட்கார்ந்த நாட்கள் எனக்கும் தெரியும், தப்பு எங்கள் பக்கமும் இருந்திருக்கிறது. அதற்கு ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். கான்கிரீட் ஊற்றுவதற்கு 48 மணி நேரம் முன்பே கான்ட்ராக்டர் தகவல் தர வேண்டும். அதற்குள் ஆர்க்கிடெக்ட் வந்து பார்க்காவிட்டால், காத்திருந்த நாள் கான்ட்ராக்டர் கணக்கில் சேராது. அந்த இரண்டு வரியை அவரிடம் காட்டிப் பாருங்கள். நான் பார்த்தவரை, ஒழுங்காக வேலை செய்பவர்கள் யாரும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.